செக்டிஸ்க் மீட்ட ஃபைல்கள் எங்கே போய் உட்காருகின்றன?

நீலகிரி மலையில் மழைக்காலம் வந்துவிட்டால் கரண்டுக்கு உத்தரவாதம் கிடையாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் பிறந்தால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அவ்வளவுகூட வேண்டாம், ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்தாலே போதும். 1932 முதல் பைக்காரா தண்ணீரில் மின்சாரம் எடுத்துச் சமவெளிக்கு அனுப்புகிற மலை இது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து அதை நினைத்தால் சிரிப்புதான் வரும்.

லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, பிரச்சினை இல்லை. ஸ்டுடியோவிலும் டிடிபி கடையிலும் பச்சைத்தேயிலைக் கணக்கு எழுதுகிற இடத்திலும் இருக்கும் டெஸ்க்டாப்தான் பாவம். கரண்ட் திரும்பி வந்து ஆன் செய்தால் விண்டோஸ் நேராகத் திறக்காது. கறுப்புத் திரையில் செக்டிஸ்க் (CHKDSK) என்ற விண்டோஸின் சோதனை நிரல், டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று சொல்லி, சதவீதம் ஒவ்வொன்றாக ஏறும். எல்லாம் முடிந்து உள்ளே போனால் நேற்று இருந்த ஃபோல்டரைக் காணோம். "அண்ணா, டிஸ்க்கைச் செக் பண்றேன்னு சொல்லி ஃபைலையெல்லாம் தின்னுடுச்சு" என்று ஓடி வருவார்கள். பெரும்பாலும் தின்றிருக்காது. அந்த டிரைவிலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டரில், பெயரை இழந்து கிடக்கும். அந்த ஃபோல்டரின் பெயர் ஃபவுண்ட்.000 (FOUND.000).

டிஸ்க்கில் ஒரு ஃபைல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, அதன் உள்ளடக்கம். இது கிளஸ்டர் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிந்து டிஸ்க்கில் கிடக்கிறது. மற்றொன்று, இந்தப் பெயருள்ள ஃபைல் இந்த ஃபோல்டரில் உள்ளது, அதன் துண்டுகள் இன்னின்ன இடத்தில் உள்ளன என்று சொல்லும் பதிவு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளடக்கம் டிஸ்க்கில் ஏறிவிட்டிருக்கும், பதிவு ஏறியிருக்காது. அல்லது பதிவு பாதியில் அறுந்திருக்கும். நம் ஊரில் பச்சைத்தேயிலை மூட்டைகளைப் பல தோட்டங்களில் இருந்து ஒரே லாரியில் ஏற்றிப் போகிறார்களே, அதில் ஒரு மூட்டையின் சீட்டு வழியில் கழன்று விழுந்துவிட்டது என்று வையுங்கள். ஃபேக்டரியில் அதை யார் பெயரிலும் எடை எழுத முடியாது, தூக்கி எறியவும் மனசு வராது. தனியாக ஒரு மூலையில் வைப்பார்கள். யாருடையது என்று தெரிய வேண்டுமென்றால் மூட்டையைப் பிரித்து இலையைப் பார்க்க வேண்டியதுதான். செக்டிஸ்க் செய்வதும் இதுவே. அந்த மூலைதான் ஃபவுண்ட்.000.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் இதனால்தான் வருகிறது. செக்டிஸ்க் என்பது ஃபைலை மீட்கும் மென்பொருள் அல்ல. டிரைவின் கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே அதன் வேலை. பொருந்தாத இடத்தைப் பொருந்தும்படி ஆக்கும். அதற்காக ஒரு பதிவை வெட்ட வேண்டுமென்றால் கொஞ்சமும் தயங்காமல் வெட்டும். வழியில் கிடைத்ததை எடுத்து வைப்பது அது செய்கிற உபகாரம், அவ்வளவே. அதனால் அந்த ஃபோல்டரில் எல்லாமே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எதுவுமே இருக்காது என்று டிரைவை உடனே ஃபார்மேட் செய்வதும் தப்பு.

உங்கள் டிரைவ் ஃபைல்களைக் கணக்கு வைக்கும் முறை எந்த வகை என்பதைப் பொறுத்துக் கதை கொஞ்சம் மாறும். பென் டிரைவ், கேமரா கார்டு போன்றவை பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். கேமரா கார்டில் 32 ஜிபி வரை ஃபேட்32, அதற்கு மேல் எக்ஸ்ஃபேட் என்பது வழக்கம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவ் என்டிஎஃப்எஸ், அதாவது 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த முறை.

ஃபேட் வகையில் பெயர் ஒரு இடத்திலும் துண்டுகளின் சங்கிலி வேறொரு அட்டவணையிலும் இருக்கின்றன. பெயர் போய்விட்டால் மிஞ்சுவது யாருக்கும் சொந்தமில்லாத சங்கிலி. அதைப் பார்த்ததும் செக்டிஸ்க் ஒரு கேள்வி கேட்கும்: தொலைந்த சங்கிலிகளை ஃபைல்களாக மாற்றவா, ஆமாம் என்றால் ஒய் (Y), வேண்டாம் என்றால் என் (N). அவசரத்தில் N அழுத்திவிடாதீர்கள். N அழுத்தினால் அந்த இடமெல்லாம் காலி இடம் என்று கணக்கில் எழுதப்பட்டுவிடும். அடுத்து எடுக்கும் போட்டோ அதன் மேலேயே ஏறி உட்காரும். Y அழுத்தினால் ஒவ்வொரு சங்கிலியும் ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று வரிசையாகப் பெயர் பெற்று ஃபவுண்ட்.000க்குள் போகும். இன்னொரு நாள் இதே கூத்து நடந்தால் ஃபவுண்ட்.001 என்று அடுத்த ஃபோல்டர் பிறக்கும்.

என்டிஎஃப்எஸ் கொஞ்சம் புத்திசாலி. அங்கே ஒவ்வொரு ஃபைலின் பதிவிலும் அதன் பெயரும், அது எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. தாய் ஃபோல்டர் பிழைத்திருந்தால் செக்டிஸ்க் அந்த ஃபைலைப் பழைய பெயரோடு பழைய இடத்திலேயே கொண்டு போய்ச் சேர்த்துவிடும், ஃபவுண்ட் ஃபோல்டர் பக்கமே வராது. தாய் ஃபோல்டரும் சேர்ந்து சிதைந்திருந்தால்தான் அனாதையாக வரும். ஒரு ஃபோல்டர் முழுசாகவே அனாதையானால் அதற்கு டிர்0000.சிஎச்கே என்று பெயர் வைக்கும். பார்த்தால் ஃபைல் மாதிரித் தெரியும், உண்மையில் அது ஃபோல்டர். திறந்து பாருங்கள், உள்ளே இருக்கும் ஃபைல்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தப் பெயரோடு அப்படியே இருக்கும். ஆகவே ஃபவுண்ட்.000க்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்த டிர் வகையறாவைத்தான். பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

எது எங்கே போனது என்று செக்டிஸ்க் ஒரு அறிக்கையும் எழுதி வைக்கும். பூட் ஆகும்போது கறுப்புத் திரையில் ஓடியதைப் படிக்க நேரமிருக்காது, பரவாயில்லை. விண்டோஸின் அறிக்கைகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் என்று போய், சோர்ஸ் என்ற இடத்தில் வின்இனிட் என்று இருக்கும் வரியைத் தேடுங்கள். விண்டோஸுக்குள் இருந்தபடியே நீங்களாகச் சோதனை ஓட்டியிருந்தால் செக்டிஸ்க் என்று இருக்கும். அனாதை ஃபைலை இன்ன ஃபோல்டரில் சேர்த்தேன் என்ற வரிகள் அதில் இருந்தால் ஃபைலின் பெயரும் கூடவே கிடைக்கும். அந்தப் பெயரை வைத்துத் தேடினால் போதும்.

இப்போது ஃபோல்டரைக் கண்ணுக்குத் தெரியவைப்போம். டிரைவைத் திறந்ததும், எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல், முதல் மட்டத்திலேயே ஃபவுண்ட்.000 இருக்க வேண்டும். ஆனால் அதன் மேல் இரண்டு திரை போட்டிருக்கிறது. ஒன்று, மறைக்கப்பட்டது என்ற அடையாளம். இரண்டு, சிஸ்டத்துக்குச் சொந்தமானது என்ற அடையாளம். வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸ் என்பதை டிக் செய்தால் முதல் திரை மட்டும்தான் விலகும். "டிக் பண்ணிப் பார்த்துட்டேன், அங்கே ஒண்ணுமே இல்லை" என்று சொல்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். விண்டோஸ் 10 என்றால் அதே வியூ பக்கத்தில், விண்டோஸ் 11 என்றால் மேலே இருக்கும் மூன்று புள்ளியில், ஆப்ஷன்ஸ் திறந்து, அதற்குள் இருக்கும் வியூ பட்டியலில், ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ் என்ற வரியின் டிக்கையும் எடுக்க வேண்டும். விண்டோஸ் பயமுறுத்தும், யெஸ் கொடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். திரையில் அரைகுறையாக மங்கித் தெரியும் சிஸ்டம் ஃபைல்களை யாராவது குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் அது வேறு தலைவலி.

கட்டளைத் திரை (கமாண்ட் பிராம்ப்ட்) பழக்கமானவர்களுக்கு இன்னும் சுருக்கமான வழி உண்டு. டிர் (dir) என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, ஏ அடித்தால் மறைந்திருப்பதும் சேர்ந்து தெரியும். அட்ரிப் (attrib) கட்டளையில் மைனஸ் எச், மைனஸ் எஸ் கொடுத்து அந்த ஃபோல்டரின் பெயரை அடித்தால் இரண்டு திரையும் ஒரேயடியாக விலகும். உள்ளே போக அனுமதி இல்லை என்று வந்தால் கன்டினியூ அழுத்துங்கள். அட்மின் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் விடும்.

ஃபோல்டர் கிடைத்ததும் உடனே பெயர் மாற்றத் தொடங்காதீர்கள். முழுசாக வேறொரு டிரைவுக்கு காப்பி எடுத்து, அந்த காப்பியில் வேலை செய்யுங்கள். அதே டிரைவில் காப்பி போட்டால் இன்னும் மீட்கப்படாமல் காலி இடம் என்ற பெயரில் கிடப்பதன் மேல் அது ஏறிவிடும்.

அடுத்தது சுவாரசியமான பகுதி. பழைய பெயரும் இல்லை, பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வந்து வகையைச் சொல்லும் எக்ஸ்டென்ஷனும் இல்லை, எல்லாமே சிஎச்கே. எது போட்டோ, எது கணக்கு என்று எப்படிச் சொல்வது? நல்ல வேளையாக, பெரும்பாலான ஃபைல் வகைகள் தங்கள் முதல் சில எழுத்துகளிலேயே தாங்கள் யார் என்று சொல்லிவிடுகின்றன. சந்தேகப்படும் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். பெரிய ஃபைல் என்றால் திறக்க நேரமாகும், பொறுமை வேண்டும். கிறுக்கல்தான் தெரியும், ஆனால் முதல் வரியை மட்டும் பாருங்கள். சதவீதக் குறியைத் தொடர்ந்து பிடிஎஃப் என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் அது பிடிஎஃப்தான். தொடக்கத்திலேயே ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்று தெரிந்தால் ஜேபெக் போட்டோ. 8பிபிஎஸ் என்றால் ஃபோட்டோஷாப் ஃபைல், ஸ்டுடியோக்காரர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஐடி3 என்றால் எம்பி3 பாட்டு. முதல் நான்கு எழுத்தைத் தாண்டி எஃப்டிஒய்பி வந்தால் எம்பி4 வகை வீடியோ. எம்இசட் என்று தொடங்கினால் அது ஏதோ ஒரு மென்பொருளின் இயங்கும் ஃபைல். அதைத் தொட வேண்டாம், மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.

பிகே என்று தொடங்குவது கொஞ்சம் விஷமம் பிடித்தது. அது ஜிப் வகையின் அடையாளம். அதை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரின் முதல் எழுத்துகள் அவை. ஆனால் 2007க்குப் பிந்தைய வேர்டு, எக்செல் ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான். ஆகவே பிகே பார்த்ததும் எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எக்ஸ்எல் என்ற ஃபோல்டர் இருந்தால் அது எக்செல், வேர்டு என்ற ஃபோல்டர் இருந்தால் வேர்டு. அதற்கேற்ப எக்ஸ்டென்ஷனை மறுபடி மாற்றினால் ஆயிற்று. யார் எத்தனை கிலோ இலை கொடுத்தார்கள் என்று மாதக்கணக்கில் எழுதி வைத்த ஷீட் தொலைந்ததென்றால் தேட வேண்டியது பிகேயைத்தான்.

டிடிபி வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூனிகோட் வருவதற்கு முன்னால் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகையோ மனுவோ நோட்பேடில் திறந்தால் தமிழாகத் தெரியாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை மாதிரி வரும். குப்பையல்ல அது. இடைவெளிகளும் வரி அமைப்பும் ஒழுங்காக இருந்தால், அந்த எழுத்துருவைப் போட்டுப் பார்க்காமல் அழிக்காதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் மாற்றுவதால் ஃபைலின் உள்ளே ஒன்றும் மாறாது. தப்பாக வைத்தால் திறக்காது, அவ்வளவுதான், இன்னொன்றை வைத்துப் பார்க்கலாம். ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை வியூவில் டிக் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ஜேபிஜி என்று சேர்த்தது பெயரின் நடுவில் ஒட்டிக்கொண்டு, பின்னால் சிஎச்கே ஒளிந்தபடியே இருக்கும். ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாக நோட்பேடில் திறப்பது ஆகிற காரியமில்லை. முதல் எழுத்துகளைப் பார்த்துத் தானே எக்ஸ்டென்ஷன் வைக்கும் அன்செக் (UnCHK) போன்ற சிறு மென்பொருள்கள் இருக்கின்றன. கேமரா கார்டு என்றால் அதுகூட வேண்டாம். பெரும்பாலும் போட்டோக்கள்தான் அதில் இருந்திருக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஜேபிஜி என்று வைத்துவிட்டு, திறக்காதவற்றை மட்டும் தனியாகப் பார்த்தால் போதும். வீடு அல்லது கடைக் கம்ப்யூட்டர் என்றால் அளவு வாரியாக அடுக்குங்கள். சின்னச் சின்ன ஃபைல்களில் முக்கால்வாசி பிரவுசர் விட்டுச் சென்றவையாகத்தான் இருக்கும்.

பெயர் போனது போலவே தேதியும் போயிருக்கும். சிஎச்கே ஃபைலில் தெரியும் தேதி பெரும்பாலும் செக்டிஸ்க் ஓடிய தேதி, நம்ப வேண்டாம். ஆனால் போட்டோவுக்குள் எக்ஸிஃப் என்ற பகுதியில் எடுத்த நாள், நேரம், கேமரா மாடல் எல்லாம் கேமராவே எழுதி வைத்திருக்கும். டீட்டெய்ல்ஸ் பார்வையில் டேட் டேக்கன் என்ற பத்தியைச் சேர்த்து அடுக்கினால், பேரகணியில் எடுத்த ஹெத்தையம்மன் பண்டிகைப் படங்கள் ஒரு பக்கமும் அடுத்த வாரத்துக் கல்யாணம் இன்னொரு பக்கமும் தானாகப் பிரிந்து நிற்கும். கேமராவில் தேதியைச் சரியாக வைத்திருந்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சில ஃபைல்கள் எக்ஸ்டென்ஷன் சரியாக வைத்தும் திறக்காது. நோட்பேடில் திறந்தால் வெறும் வெற்றிடம், ஆனால் அளவோ பல எம்பி என்றால் உள்ளே இருப்பது வெறும் சுழியங்கள். என்டிஎஃப்எஸ் தன் பதிவுகளைக் காப்பாற்ற ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது, உள்ளடக்கத்துக்கு அந்தக் காவல் இல்லை. இடம் ஒதுக்கியாயிற்று, எழுதுவதற்குள் கரண்ட் போயிற்று என்றால் இப்படித்தான் ஆகும். அதில் மீட்க ஒன்றுமில்லை. பாதிப் படம் தெரிந்து கீழே சாம்பல் நிறப் பட்டை வந்தால் சங்கிலி நடுவில் அறுந்திருக்கிறது. எம்பி4 வீடியோவில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் மூவ் என்ற பகுதியைப் பல கேமராக்கள் ரெக்கார்டிங் முடியும்போதுதான் எழுதுகின்றன. ரெக்கார்டிங் நடுவில் அறுந்தால் முழு வீடியோவும் உள்ளே இருந்தும் ஓடாது. அதே கேமராவில் எடுத்த இன்னொரு நல்ல வீடியோவை மாதிரியாகக் கொடுத்துச் சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு, முயன்று பார்க்கலாம்.

ஃபவுண்ட் ஃபோல்டரில் வேண்டியது இல்லை என்றால் செக்டிஸ்க்கை மறுபடி மறுபடி ஓட்டுவதில் பயனில்லை, அதன் பார்வையில் கணக்கு ஏற்கெனவே சரியாகிவிட்டது. அந்த டிரைவில் எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டு ஃபோட்டோரெக் (PhotoRec) போன்ற இலவச மென்பொருளை வேறொரு டிரைவிலிருந்து ஓட்டுங்கள். பெயர் அப்படி இருந்தாலும் போட்டோ மட்டுமல்ல, நூற்றுக்கணக்கான வகைகளை அது எடுக்கும். டிரைவின் ஃபைல் பதிவுகளை அது கண்டுகொள்வதே இல்லை. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படித்து, மேலே சொன்ன அந்த முதல் எழுத்துகளை வைத்தே ஃபைல்களைப் பொறுக்குகிறது. கம்ப்யூட்டருக்குள் இருப்பது எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். காலி என்று கணக்கில் வந்த இடத்தை டிரிம் என்ற ஏற்பாட்டின்படி எஸ்எஸ்டி தானாகவே துடைத்துவிடும்.

இன்னும் சோதனை ஓட்டாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டளையில் செக்டிஸ்க் (chkdsk) என்று மட்டும் கொடுத்து டிரைவ் எழுத்தைச் சேர்த்தால் அது பார்த்துச் சொல்லும், எதையும் மாற்றாது. சாய்கோடு எஃப் சேர்த்தால்தான் திருத்தத் தொடங்கும். சாய்கோடு ஆர் சேர்த்தால் கெட்டுப்போன இடங்களைத் தேடி டிஸ்க் முழுவதையும் படிக்கும், பல மணி நேரம் ஆகலாம். டிக் டிக் என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்கில் ஆர் போடுவது, மூச்சு வாங்குகிறவரைத் தொட்டபெட்டா ஏறச் சொல்வது போல. அந்த நிலையில் முதலில் படிக்க முடிகிறதையெல்லாம் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள், சோதனை அப்புறம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே மூலை உண்டு. அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்ததே, அதில் டிரைவின் முதல் மட்டத்தில் லாஸ்ட்+ஃபவுண்ட் என்றொரு ஃபோல்டரைப் பார்த்திருப்பீர்கள். எஃப்எஸ்செக் சோதனை அனாதையாகக் கண்டதை அங்கே போடும். பெயருக்குப் பதில் # குறியும் ஒரு எண்ணும் இருக்கும். ரூட் எனப்படும் முழு அதிகார அனுமதி இல்லாமல் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அடையாளம் காணும் வேலை அங்கே சுலபம். ஃபைல் என்ற பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது, அதைக் கொடுத்தால் முதல் எழுத்துகளைப் படித்து இது ஜேபெக், இது பிடிஎஃப் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிடும். லாஸ்ட்+ஃபவுண்ட் காலியாக இருந்தாலும் அதை அழிக்காதீர்கள், அடுத்த சோதனைக்கு அது வேண்டும். விண்டோஸின் ஃபவுண்ட்.000 அப்படியல்ல. வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு முழுசாக அழித்துவிடலாம், தேவைப்படும்போது செக்டிஸ்க் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும்.